வாலாஜா ரோடு வரை: சென்னைத் துறைமுகமும் வட ஆர்க்காட்டின் இருப்புப்பாதையும்

தென்னிந்தியாவின் முதல் பயணியர் ரயில் தடம் 1856 ஜூலை 1 அன்று போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது என்பதும், அது சென்னை இராயபுரத்திலிருந்து புறப்பட்டது என்பதும் பலரும் அறிந்த செய்தி. இராயபுரம் நிலையத்தின் உயர்ந்த தூண்களைப் பற்றியும், அதற்குச் சில நாட்கள் முன்பு ஜூன் 28 அன்று நிலையத்தைத் திறந்துவைத்த ஆளுநர் ஹாரிஸ் பிரபுவைப் பற்றியும் ஆண்டுதோறும் யாராவது எழுதுகிறார்கள். அந்தத் தடத்தின் மறுமுனையோ 'வாலாஜா ரோடு' என்ற பெயரளவில் குறிப்பிடப்பட்டு விடப்படுகிறது. வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் பகுதிகளில் வாழ்பவர்களுக்கு அந்த மறுமுனைதான் முக்கியமானது. சென்னை என்ற துறைமுக நகரத்தின் தேவைக்காகப் போடப்பட்ட அந்தப் பாதை, பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் எந்த ஊர் வளர வேண்டும், எந்த ஊர் தேய வேண்டும் என்பதைப் பெருமளவு தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தின் விளைவுகளுக்குள்தான் நாம் இன்றும் வாழ்கிறோம் என்பதால், அது எப்படி நேர்ந்தது என்பதை விரிவாகப் பார்ப்பது அவசியம்.

முதலில் துறைமுகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனெனில் பாதை போடப்பட்ட காலத்தில் சென்னையில் துறைமுகம் என்று சொல்லத்தக்க கட்டுமானம் எதுவும் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டை கட்டிய இடம் திறந்த கடற்கரை. அங்கே கப்பல்கள் அலை உடையும் கோட்டுக்கு வெளியே, ஆழ்கடலில் நங்கூரம் பாய்ச்சி நின்றன. கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆட்களையும் சரக்கையும் கொண்டுவந்தவை மசூலாப் படகுகள். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டப்பட்ட படகுகள் அவை. இறுக்கமாக ஆணி அறைந்த ஐரோப்பியப் படகு அலை தூக்கி எறியும்போது மணலில் மோதிப் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். அதற்கு விலையாக, பலகைகளின் இடைவெளி வழியாகக் கசியும் நீரை ஓயாமல் இறைத்துக்கொண்டே வர வேண்டியிருந்தது. படகு மணலைத் தொட்டதும் கூலியாட்கள் ஓடிவந்து மூட்டைகளைத் தோளிலும், துரைமார்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் கையிலுமாகத் தூக்கிக் கரையில் சேர்த்தார்கள். நனைந்த சரக்கு, தொலைந்த சரக்கு, புயல் மாதங்களில் அடியோடு நின்றுபோகும் வேலை என எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துத்தான் வணிகர்கள் விலை வைத்தார்கள்.

இப்படிப்பட்ட கடற்கரைக்கு உள்நாட்டிலிருந்து இருப்புப்பாதை போட வேண்டும் என்ற எண்ணம் 1840களிலேயே இலண்டனில் எழுந்தது. மதராஸ் ரயில்வே கம்பெனி முதலில் 1845இல் தொடங்கப்பட்டு, பணம் திரளாமல் முடங்கி, பின்னர் மறுபடியும் அமைக்கப்பட்டது. இரண்டாவது முயற்சி கைகூடியதற்குக் காரணம் அரசு அளித்த வட்டி உத்தரவாதம். பங்கு வாங்கியவர்களுக்கு ஏறத்தாழ 5 விழுக்காடு வருவாய் கிடைக்கும் என்று அரசு உறுதி கூறியது. ரயில் அந்தத் தொகையை ஈட்டவில்லை என்றால், குறையும் பணம் இந்திய வருவாயிலிருந்து, அதாவது பெரும்பாலும் நிலவரியிலிருந்து ஈடுகட்டப்படும். நிலத்தையும் அரசே இலவசமாகக் கொடுத்தது. ஆகவே நட்டம் வந்தால் அதைச் சுமக்க வேண்டியவர்கள், பாதையின் இருபுறமும் ஏர் ஓட்டிக்கொண்டிருந்த இரயத்துகள்தான். செலவைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற நெருக்கடி கம்பெனிக்கு இல்லாமல் போனதும் இந்த ஏற்பாட்டால்தான். இதைச் சொல்லாமல் 'ஆங்கிலேயர் ரயில் கொடுத்தார்கள்' என்று மட்டும் சொல்வது பாதிக் கணக்கைப் படிப்பதாகும்.

1853இல் அன்றைய கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபு எழுதிய புகழ்பெற்ற ரயில்வே குறிப்பில் இரண்டு நோக்கங்கள் வெளிப்படையாக இருக்கின்றன. ஒன்று படைகளை விரைவாக நகர்த்துவது, மற்றொன்று விளைபொருளைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து பிரிட்டிஷ் சரக்கை உள்நாட்டுக்கு அனுப்புவது. இவ்விரண்டுக்கும் வட ஆர்க்காடு பொருத்தமாக அமைந்தது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, ஆற்காட்டில் இருந்த குதிரைப்படைதான் கில்லஸ்பி தலைமையில் விரைந்துவந்து அதை அடக்கியது. சில மணி நேரம் தாமதித்திருந்தால் கோட்டை கையைவிட்டுப் போயிருக்கும் என்ற அச்சம் கம்பெனி அதிகாரிகள் மனத்தில் ஒரு தலைமுறைக்குப் பின்னும் மறையவில்லை. பாலாற்றுப் பள்ளத்தாக்கோ, மைசூர் மேட்டு நிலத்திலிருந்து கடற்கரைக்கு இறங்கும் இயல்பான வழி. கணவாய் இறங்கிவரும் பொதிமாடுகளும் வண்டிகளும் வாலாஜாபேட்டையில் தங்கிச் சரக்கை மாற்றிக்கொண்டுதான் சென்னைக்குப் போயின. தோல், அவுரி, தானியம், துணி ஆகிய எல்லாம் அந்தப் பேட்டையின் மண்டிகளைக் கடந்தே கடலைச் சேர்ந்தன.

ஆகவே முதல் தடம் ஆற்காட்டை நோக்கிப் போனதில் வியப்பில்லை. ரயில்வே கம்பெனியின் இறுதி இலக்கு ஆற்காடு அன்று. மறுகரையில், மலபாரின் பேய்ப்பூர். இரண்டு கடல்களையும் ஒரே இருப்புப்பாதையால் இணைப்பது திட்டம். 1853 ஜூனில் வேலை தொடங்கி, மூன்றே ஆண்டுகளில் சுமார் 65 மைல் முடிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பாதை காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று பள்ளத்தாக்கில் ஏறி, 1860இல் திருப்பத்தூரையும் 1861இல் சேலத்தையும் தொட்டு, 1862இல் மேற்குக் கரை வரை முழுமை பெற்றது. சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மெண்டுக்கான கிளை 1864இல் திறந்தது. அரக்கோணத்திலிருந்து வடமேற்கே பிரிந்த பாதை கடப்பை வழியாக 1871இல் இராய்ச்சூரை எட்டி, பம்பாயிலிருந்து வந்த பாதையோடு கைகோத்தது.

பாதை போட்ட வேலையைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். தலைமைப் பொறியாளராக இருந்த ஜார்ஜ் பார்க்ளே புரூஸ், கட்டாய உழைப்பைத் தவிர்த்து, கூலி கொடுத்து ஆட்களைத் திரட்டி வேலை வாங்கியவராக அறியப்படுகிறார். அந்தக் காலத்தில் இது சிறிய செய்தி அல்ல. ஏரிக்கரை உடைந்தால் ஊரார் கூடி அடைக்க வேண்டும் என்ற குடிமராமத்து வழக்கத்தைச் சட்டத்தின் துணையோடு கட்டாயமாக்கிய சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் வந்ததும் இதே பத்தாண்டில், 1858இல்தான். ஒரே மாவட்டத்தில், ஒரே காலத்தில், தண்டவாளத்துக்கு மண் சுமந்தவன் கூலி பெற்றான். ஏரிக்கு மண் சுமக்க வேண்டியவன் சட்டத்துக்கு அஞ்சிச் சுமந்தான். அரசு எதை முதலீடாகக் கருதியது, எதை ஊர்க்காரன் கடமையாகத் தள்ளிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மண்ணுக்குக் கூலி கிடைத்தது. மரத்துக்கு எதுவும் கிடைக்கவில்லை. தண்டவாளத்தின் அடியில் மூன்றடிக்கு ஒரு கட்டை என்று வைத்துக்கொண்டாலே ஒரு மைலுக்கு 1,760 கட்டைகள் வேண்டும். இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை மட்டும் 1,14,400 கட்டைகள். பக்குவம் செய்யாத கட்டைகள் கறையானுக்கும் ஈரத்துக்கும் சில ஆண்டுகளில் இரையாகிவிடும் என்பதால், அந்தத் தேவை ஒருமுறையோடு தீர்வதில்லை. இதற்கு மேல் எஞ்சின்களுக்கு விறகு. தெற்கே நிலக்கரி எளிதில் கிடைக்காத அந்தப் பல பத்தாண்டுகளில், மதராஸ் ரயில்வேயின் எஞ்சின்கள் பெரும்பாலும் விறகை எரித்தே ஓடின. ஹியூ கிளெகார்ன் சென்னை மாகாணத்தின் காடுகளுக்குப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டது 1856இல், அதாவது முதல் ரயில் ஓடிய அதே ஆண்டில். ஒரு காலத்தில் மரம் அடர்ந்திருந்த வட ஆர்க்காட்டு மலைகள் ரயில்வேயின் தீராத தேவையால் பெருமளவு மொட்டையாகிவிட்டன என்று அடுத்த சில ஆண்டுகளிலேயே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. எழுதியவர்கள் ரயில்வேயை எதிர்த்தவர்கள் அல்லர். அதே அரசின் காட்டுத்துறையைச் சேர்ந்தவர்கள். பிறகு 1882இல் காட்டுச் சட்டம் வந்தபோது, தழையும் விறகும் மேய்ச்சலும் எடுத்துவந்த மலையடிவார ஊர்கள்தான் வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டன. ஜவ்வாது மலை அடிவாரத்தில் இன்று வெயிலில் காயும் குன்றுகளைப் பார்க்கிறவர்கள், அவற்றின் வெறுமைக்கு இயற்கையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது.

இனி வழித்தடத்துக்கு வருவோம். வரைபடத்தை விரித்துப் பார்த்தால் ஒன்று உடனே கண்ணில் படும். மாவட்டத்தின் மிகப்பெரிய ஊர்களான வேலூரும் ஆற்காடும் பாலாற்றின் தென்கரையில் இருக்கின்றன. ரயில் பாதையோ வடகரையிலேயே போகிறது. வாலாஜாபேட்டை வடகரையில் இருந்தும் நிலையம் ஊரிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி அமைந்தது. பாலாறு ஆண்டின் பெரும்பகுதியில் வெறும் மணல். ஆனால் அந்த மணல் பரப்பு மிக அகலமானது. வெள்ளம் வரும் சில நாட்களுக்காக, அதன் குறுக்கே நெடுக அடித்தளம் இறக்கிப் பாலம் கட்ட வேண்டும். மேற்கே விரைந்து போக நினைத்த கம்பெனி, ஆற்றைக் கடப்பதைக் குடியாத்தம் தாண்டும் வரை தள்ளிப்போட்டு, ஆம்பூருக்கு முன்பு ஆறு குறுகும் பகுதியில் கடந்தது. அந்தச் சிக்கனத்தின் விளைவாகத்தான் வேலூருக்குப் போகிறவர்கள் காட்பாடியில் இறங்கினார்கள், இன்றும் இறங்குகிறார்கள்.

நதிகள் அந்தச் சிக்கனத்தை முழுதும் ஏற்றுக்கொள்ளவும் இல்லை. வடகரையிலேயே போனாலும், சித்தூர்ப் பக்கமிருந்து வந்து பாலாற்றில் கலக்கும் பொன்னையாற்றைத் திருவலத்தருகே கடந்துதான் ஆக வேண்டும். 2021 டிசம்பரில், பெருமழைக்குப் பின், முகுந்தராயபுரத்துக்கும் திருவலத்துக்கும் இடையே உள்ள அந்தப் பாலத்தில் சேதம் கண்டறியப்பட்டதும் சென்னைக்கும் பெங்களூர், கோவைக்கும் இடையிலான போக்குவரத்து தடுமாறியதை இப்பகுதியினர் நன்றாக நினைவில் வைத்திருப்பார்கள். பாலாற்றைப் பொறுத்தவரை 1903 நவம்பர் வெள்ளமே பெரியது. மைசூர்ப் பகுதியில் ஏரிகள் அடுத்தடுத்து உடைந்து, வாணியம்பாடியை ஒரே இரவில் சூறையாடி, ஏராளமான உயிர்களைக் கொண்டுபோன வெள்ளம் அது.

நிலையம் எங்கே அமைந்ததோ அங்கே ஊர் முளைத்தது. அரக்கோணம், காட்பாடி, சோலையார்பேட்டை ஆகிய மூன்றும் ரயிலுக்கு முன்பு மாவட்டத்தின் பெரிய ஊர்கள் வரிசையில் இடம்பெற்றவை அல்ல. பாதைகள் பிரியும் இடமாக அமைந்ததால் அங்கே எஞ்சின் கொட்டகையும், பணியாளர் குடியிருப்பும், அவர்களுக்காகத் தேவாலயமும் பள்ளியும் வந்தன. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் அரக்கோணத்திலும் சோலையார்பேட்டையிலும் தலைமுறைகளாக வாழ்ந்தன. வாலாஜாபேட்டையின் கதை நேர் எதிரானது. சென்னை மாகாணத்தின் முதல் நகராட்சிகளுள் ஒன்றாக 1866இல் அது அறிவிக்கப்பட்டது. அந்தப் பெருமை கிடைத்தபோது அதன் வணிகம் சரியத் தொடங்கியிருந்தது. 1856 முதல் சில காலம் பாதையின் கடைசி நிலையமாக இருந்தபோது எல்லா வண்டிகளும் அங்கே வந்து குவிந்தன. தடம் மேற்கே நீண்டதும் சரக்கு அங்கே நிற்க வேண்டிய தேவை போயிற்று. கணவாய் இறங்கிய பொதி நேரே வாணியம்பாடியிலோ குடியாத்தத்திலோ ரயிலேறியது. இரவு தங்கும் வண்டிக்காரன் இல்லை என்றால் வண்டிப்பேட்டை இல்லை. பேட்டை இல்லை என்றால் தரகர் இல்லை, கிட்டங்கி இல்லை, வட்டிக்கடையும் இல்லை. நவாபு காலத்தில் உருவாகி, ஒரு நூற்றாண்டு செழித்த வணிக ஊர் ஒரு தலைமுறைக்குள் ஒடுங்கியது. அதன் பெயரைத் தாங்கிய நிலையத்தால்தான் அந்த ஊர் இழந்தது என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் செய்தி.

இழந்தவர்களை மட்டும் சொல்வது நேர்மையாகாது. பாதையால் எழுந்தவர்களில் முதன்மையானவர்கள் தோல் வணிகர்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் தொழில் துறைமுகத்தையும் ரயிலையும் சேர்த்துப் பிடித்து வளர்ந்தது. பதனிடும் முறையைக் கொஞ்சம் பார்த்தால் பாதை ஏன் தேவைப்பட்டது என்பது விளங்கும். உப்பிட்டு வந்த பச்சைத் தோலை முதலில் நீரில் ஊறவைப்பார்கள்; பிறகு சுண்ணாம்புக் குழியில் போட்டு மயிரை இளக்குவார்கள்; சாய்ந்த மரக்கட்டையின் மேல் விரித்து, இரு கைப்பிடி கொண்ட வளைந்த கத்தியால் மயிரையும் உட்புறச் சவ்வையும் வழித்தெடுப்பார்கள். அதன்பின் ஆவாரம்பட்டை ஊறிய தொட்டிகளில் நாட்கணக்கில் மாற்றி மாற்றிப் போட்டு, கடைசியில் கடுக்காய்ச் சாறும் எண்ணெயும் ஏற்றி உலர்த்துவார்கள். ஆவாரை இந்த வறண்ட நிலத்தில் தானாக விளைகிறது. சுண்ணாம்பும் கடுக்காயும் அருகிலேயே கிடைக்கின்றன. பாலாற்று மணலுக்கடியில் ஊற்றுநீர் இருக்கிறது. பச்சைத் தோலோ மைசூர், கடப்பைப் பக்கங்களிலிருந்து கெட்டுப்போகாமல் விரைந்து வர வேண்டும். பதனிட்ட தோல் கட்டுகளாகக் கட்டப்பட்டு, நனையாமல் சென்னை போக வேண்டும். இவை இரண்டையும் ரயில் செய்து கொடுத்தது. சென்னைப் பெரியமேட்டில் வட ஆர்க்காட்டு லெப்பை வணிகர்களின் கிட்டங்கிகள் பெருகின. அங்கிருந்து இலண்டன் ஏலச் சந்தைக்குத் தோல் கப்பலேறியது. பெரியமேடு சென்டிரல் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருப்பது தற்செயல் அன்று. அந்தத் தொழில் பிற்காலத்தில் குரோமியத்துக்கு மாறி, பாலாற்றுக் கிணறுகளைக் கெடுத்து, 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது தனியே எழுத வேண்டிய நீண்ட துயரம்.

இவ்வளவு சரக்கு இராயபுரத்தில் வந்து குவிந்தபோது, கடற்கரையின் நிலை என்ன? ரயில் ஓடத் தொடங்கி ஐந்தாண்டுகளுக்குப் பின், 1861 அளவில்தான், கடலுக்குள் சுமார் 1,000 அடி நீண்ட ஓர் இரும்பு இறங்குபாலம் பயன்பாட்டுக்கு வந்தது. அதுவும் புயல்களில் அடிபட்டது. வில்லியம் பார்க்ஸ் வரைந்த திட்டப்படி, கடலுக்குள் இரண்டு கைகள்போல் அலைதடுப்புச் சுவர்கள் நீட்டி நீர்ப்பரப்பை வளைக்கும் வேலைக்கு, 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் அடித்த புயல் அந்தச் சுவர்களின் பெரும்பகுதியைச் சிதைத்தது. மீண்டும் கட்டி முடிக்க 1890களின் நடுப்பகுதி ஆயிற்று. அப்போதும் வாயில் கிழக்கு நோக்கி இருந்ததால் அலை நேரே உள்ளே புகுந்தது. கரையோரமாக வடக்கே நகரும் மணலும் வாயிலில் சேர்ந்தது. 1904இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங், கிழக்கு வாயிலை மூடி வடகிழக்கில் புதிய வாயில் அமைத்த பிறகுதான் கப்பல்கள் நிம்மதியாக நிற்கும் இடமாகச் சென்னை மாறியது. அவர் ரயில்வேப் பொறியாளராகப் பெரிய ஆறுகளின் போக்கைக் கட்டுப்படுத்தும் கலையில் தேர்ந்தவர் என்பது இங்கே பொருத்தமான செய்தி.

ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், உள்நாட்டிலிருந்து சரக்கை இழுத்துவரும் பாதை 1856இல் தயார். அந்தச் சரக்கைப் பத்திரமாக ஏற்றும் துறைமுகம் அதற்குச் சுமார் அரை நூற்றாண்டுக்குப் பின்தான் தயார். இடைப்பட்ட காலம் முழுவதும் வாணியம்பாடித் தோலும் மற்றச் சரக்கும் நீராவி வேகத்தில் சென்னை வந்து, படகுக்காகக் காத்துக் கிடந்தன. ரயில்வேக்குக் கிடைத்த வட்டி உத்தரவாதம் துறைமுகத்துக்குக் கிடைக்காததே இந்த முரணுக்கு முதன்மைக் காரணம் என்று கருதுகிறேன். இலாபம் உறுதியான இடத்தில் மூலதனம் பாய்ந்தது.

நீர்ப்பாசனம் இந்த வரிசையில் இன்னும் பின்னால் நின்றது. தண்ணீருக்கா தண்டவாளத்துக்கா முதலிடம் என்ற வாதம் அக்காலத்திலேயே கடுமையாக நடந்தது. கால்வாய்களுக்காக வாதாடியவர் பாசனப் பொறியாளர் ஆர்தர் காட்டன். 1837இல் செங்குன்றம் பகுதியில் கல் ஏற்றுவதற்காகப் போடப்பட்ட நாட்டின் முதல் இருப்புப்பாதையில் பங்கு கொண்டவரே அவர். ஆகவே அவர் ரயிலை அறியாமல் எதிர்க்கவில்லை. பஞ்சத்தைத் தடுப்பது நீர்தான், ரயில் அன்று என்பது அவர் உறுதியான கருத்து. வட ஆர்க்காட்டில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு கண்முன்னே இருந்தது. 1850களின் பிற்பகுதியில், தண்டவாளம் போடப்பட்ட அதே ஆண்டுகளில், வாலாஜாவுக்கு அருகே பாலாற்றின் குறுக்கே அணைக்கட்டு எழுந்தது. காவேரிப்பாக்கம் ஏரி, மகேந்திரவாடி ஏரி, தூசி மாமண்டூர் ஏரி என்று பல்லவர் காலத்திலிருந்து வரும் பெரிய ஏரிகளுக்கு அது வெள்ளநீரைத் திருப்பிவிட்டது. ஏற்கெனவே இருந்த ஏரிகளையும் வரத்துக்கால்வாய்களையும் பயன்படுத்தியதால் குறைந்த செலவில் நிறைந்த பயன் தந்த வேலை அது. அரக்கோணத்திலிருந்து வரும் ரயில் மகேந்திரவாடி நிலையத்தைத் தாண்டும்போது, அணைக்கட்டும் தண்டவாளமும் ஒரே மராமத்துக் காலத்தின் இரு பிள்ளைகள் என்பதை நினைத்துக்கொள்ளலாம். ஒன்றுக்குப் பணம் ஆறாக ஓடியது, மற்றொன்று ஆற்றை நம்பியே இருந்தது.

1876 முதல் 1878 வரை நீடித்த தாதுவருடப் பஞ்சம் இந்த வாதத்தைச் சோதித்தது. ரயில் இல்லாதிருந்தால் இன்னும் பலர் இறந்திருப்பார்கள் என்பது உண்மை. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கடல்வழி வந்த அரிசி, சென்னையில் இறங்கி இந்தப் பாதை வழியாகத்தான் உள்நாட்டுக்கு ஏறியது. ஆனால் இறக்க முறையான துறைமுகம் இல்லாததால் மூட்டைகள் கடற்கரை மணலில் மலையாகக் குவிந்தன. ஒற்றைத் தடமாக இருந்த பாதையில் வண்டிகள் போதவில்லை. நிலையத்துக்கு வந்த தானியத்தைக் கிராமத்துக்கு இழுத்துச் செல்ல மாடுகள் உயிரோடு இல்லை. கையில் காசு இல்லாதவனுக்கு நிலையத்தில் அரிசி இருந்தும் பயனில்லை என்பதையும் அந்த ஆண்டுகள் காட்டின. நிவாரண வேலை தேடிச் சென்னைக்கு நடந்த மக்களைக் கொண்டுதான், நகரத்தின் ஊடே சுமார் 8 கிலோமீட்டர் நீளம் வெட்டி, வடக்கு, தெற்குக் கால்வாய்கள் இணைக்கப்பட்டன. ஆளுநர் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று.

வேலூர் ஊருக்குள் ரயில் வந்தது 1890களின் தொடக்கத்தில். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, போளூர், வேலூர் கண்டோன்மெண்ட் வழியாகக் காட்பாடிக்கும், அங்கிருந்து சித்தூர், பாகாலாவுக்கும் போன மீட்டர் பாதை அது. பாலாற்றை வேலூருக்கும் காட்பாடிக்கும் இடையே கடந்த முதல் ரயில் பாலம் அதற்காகத்தான் கட்டப்பட்டது. மணிலாக்கொட்டை சாகுபடி பெருகிய செம்மண் வட்டங்களுக்கு இந்தப் பாதை இன்னொரு கடலைக் காட்டியது. விழுப்புரம் வழியாகப் புதுச்சேரிக்குப் போன கொட்டை அங்கிருந்து மார்சேய் எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறியது. ஆனால் அகலப்பாதையும் மீட்டர் பாதையும் காட்பாடியில் சந்தித்தனவே தவிர இணையவில்லை. ஒரு வண்டியின் மூட்டையை இறக்கி மற்ற வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. அந்தச் சுமைகூலி வேலை பல தலைமுறைகளுக்குச் சோறு போட்டது என்றாலும், மாவட்டத்தின் தெற்குப் பாதி வடக்குப் பாதியிலிருந்து விலகியே இருந்தது. விழுப்புரம் காட்பாடிப் பாதை அகலப்பாதையாக மாறியது இந்த நூற்றாண்டில்தான். நிர்வாகத்திலும் இந்தப் பிளவு தொடர்ந்தது. 1908இல் மதராஸ் ரயில்வே கலைக்கப்பட்டபோது, சோலையார்பேட்டை வரையிலான தடம் மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வேக்கும், அங்கிருந்து சேலம் வழியாக மேற்குக் கரைக்குப் போனது தென்னிந்திய ரயில்வேக்கும் போயிற்று. 1951இல் தெற்கு ரயில்வே அமைந்த பின்தான் எல்லாம் ஒரு நிர்வாகத்தின் கீழ் வந்தன.

பாதையின் திசை மட்டும் பெரிதும் மாறவில்லை. காட்பாடி நிலையத்தில் இறங்கும் கூட்டத்தில் இன்று வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வேலூர் மருத்துவமனைக்கு வருகிற நோயாளிகள் நிறைந்திருக்கிறார்கள். ஆட்டோக்காரர்கள் வங்காளியிலும் இந்தியிலும் பேசி ஏற்றிக்கொள்கிறார்கள். இது பழைய கம்பெனி கனவில்கூடக் காணாத போக்குவரத்து. மற்றபடி, மாவட்டத்திலிருந்து நகரத்துக்கு எடுத்துச் செல்வதே முதன்மையான ஓட்டம். 2019 ஜூலையில் சென்னையின் ஏரிகள் வற்றியபோது, சோலையார்பேட்டையிலிருந்து 50 டேங்கர் பெட்டிகளில் சுமார் 25 லட்சம் லிட்டர் காவிரிக் கூட்டுக் குடிநீரை ஏற்றிக்கொண்டு வில்லிவாக்கத்துக்கு ரயில் புறப்பட்டது. தங்கள் ஊருக்கே போதிய குடிநீர் இல்லாத நேரத்தில் அது போனதால் இங்கே எதிர்ப்புக் குரல் எழுந்ததில் நியாயம் உண்டு.

மாவட்டத்தின் ஊர்களைத் தமக்குள்ளேயே இணைக்கும் பாதை ஒன்று காகிதத்தில் இருக்கிறது. 2006-07 ரயில்வே நிதிநிலை அறிக்கையில் ஒப்புதல் பெற்ற திண்டிவனம் நகரி புதிய பாதை வந்தவாசி, செய்யாறு, ஆரணி, ஆற்காடு, இராணிப்பேட்டை, வாலாஜாபேட்டை, சோளிங்கர் வழியாகச் செல்லும் வகையில் திட்டமிடப்பட்டது. நிலம் கையகப்படுத்துவதிலும் நிதி ஒதுக்கீட்டிலும் தேங்கி, பல ஆண்டுகளாக அது நத்தை வேகத்தில் நகர்கிறது. நவாபுகளின் தலைநகராக இருந்த ஆற்காட்டுக்கு, தென்னிந்தியாவின் முதல் ரயில் தன் பெயரைச் சொல்லிப் புறப்பட்டு ஒன்றரை நூற்றாண்டு கடந்தும், ஊருக்குள் ஒரு நிலையம் இல்லை. அந்தப் பாதையை விரைந்து முடிக்கும்படி இப்பகுதி மக்கள் பிரதிநிதிகள் ஒவ்வொரு நிதிநிலை அறிக்கைக்கு முன்பும் அழுத்தம் கொடுக்க வேண்டும். நெசவும் பட்டும் தோலும் நெல்லும் விளையும் இந்த ஊர்கள், ஒன்றையொன்று சேர்வதற்குச் சென்னைத் தடத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டிய காரணம் இனி எதுவும் இல்லை.